பத்தடிக்கு முன்னால் சொல்ல வேண்டிய சொல்

எங்கள் மைதானத்தில் "ட்ராக்" என்று கத்தினால் நடக்கிறவர்கள் விலக மாட்டார்கள், ஓடுகிறவர்கள்தான் விலகுவார்கள். நடக்கிறவர்களுக்கு அந்த மைதானம் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. காலை ஆறு மணிக்கு நாலு பேர் வரிசையாக, உள்பக்கத்து முதல் லேனை முழுசாக அடைத்துக்கொண்டு, சர்க்கரை அளவைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசியபடி போவார்கள். பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினால் அதில் ஒருவர் திரும்பி, "ஏனு மேடம்?" என்று, என்ன விஷயம் என்கிற மாதிரி, கன்னடத்தில் நிதானமாகக் கேட்பார். அதற்குள் அவர் முதுகில் நாம் மோதியிருப்போம்.

ஓடுகிறவர்கள் அப்படி இல்லை. பின்னால் வேகமாக வருகிறவர் "ட்ராக்" என்று குரல் கொடுத்தால், முன்னால் போகிறவர் தலையைக்கூடத் திருப்பாமல் வலப்பக்கம் இரண்டாவது லேனுக்கு ஒதுங்கி உள்பக்கத்தை விட்டுக்கொடுப்பார். யாரும் எழுதி வைக்காத வழக்கம் இது. ஆனால் பயிற்சிக்கு மட்டும்தான். பந்தயத்தில் யாரும் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. உள்கோட்டைப் பிடித்தவருக்கு அந்தக் கோடு சொந்தம். முந்த நினைப்பவர் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், முன்னால் இருப்பவரும் வேண்டுமென்றே அகன்று ஓடி அவரை மறிக்கக் கூடாது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே ஒரு நாள் இரண்டையும் கலந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வீடு அடுகோடியில். தாத்தா காலத்தில் அரசாங்க வேலைக்கு இந்த ஊருக்கு வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். எனக்கு வேலை வைட்ஃபீல்டில். மற்ற கம்பெனிகள் எங்களுக்கு அனுப்பும் ஒப்பந்தங்களைப் படித்து, எந்த வரியில் நமக்குச் சாதகம், எந்த வரியில் ஓட்டை என்று சொல்வது. பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன். வீட்டில் சண்டை வந்தால்கூட நான் வரி வரியாகத்தான் பேசுவேன் என்று என் கணவர் சொல்வார். சொல்வதில் தப்பில்லை. தோற்கிற வாதம் ஒன்றை நான் பாதியில் விட்டதாக எனக்கு நினைவே இல்லை.

முப்பத்தெட்டாவது வயதில் முதுகுவலிக்காக ஓட ஆரம்பித்தேன். வலி போயிற்று, ஓட்டம் போகவில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று மாநில அளவில் வருடா வருடம் நடக்கும் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவேன். மைதானத்தை மூன்றே முக்கால் தடவை சுற்ற வேண்டும். முதல் இரண்டு வருடமும் முதலிடம். எங்கள் வயதில் அந்தத் தூரத்துக்கு மொத்தமே ஏழெட்டுப் பெண்கள்தான் வருவோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. ஆனாலும் அந்தச் சர்க்கரை எனக்கு இனித்தது, அதை மறைக்கப் போவதில்லை.

அந்த இரண்டு வருடமும் இரண்டாவதாக வந்தவள் என்னோடு பயிற்சி செய்கிறவள். தர்மபுரிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகிக் கணவனோடு ஹெப்பகோடிக்கு வந்து, வண்டிகளுக்கு வயர் கோத்துக் கட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். தொழிற்சாலை ஆண்டு விழாவில் பெண்களுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தபோது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓடினாளாம். முதலில் வந்தவள், போன வேகத்திலேயே திரும்பி வந்து செருப்பு இருக்கிறதா என்று பார்த்தாளாம். அதற்குப் பிறகு ஓடுவதை விடவில்லை.

ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கல்லூரியின் மண் மைதானம் எங்கள் இருவருக்கும் நடுவழி. அப்போது மெட்ரோவுக்குத் தூண்கள் மட்டும்தான் நின்றன, ரயில் ஓடவில்லை. அவள் மதிய ஷிப்ட் இருக்கும் வாரங்களில் விடியற்காலையே பஸ் ஏறி வந்துவிடுவாள். முதல் ஆறு மாதம் என்னை மேடம் என்று கூப்பிட்டாள். ஒரு நாள் ஓட்டத்துக்கு நடுவில் மூச்சுத் திணறி, "அக்கா, நில்லுங்க" என்றாள். அன்றிலிருந்து அக்காதான்.

எங்கள் பயிற்சி முறை எளிது. அவள் முதலில் கிளம்புவாள், நான் சில விநாடி கழித்துக் கிளம்பித் துரத்துவேன். பிடித்ததும் "ட்ராக்" என்பேன், அவள் ஒதுங்குவாள், நான் உள்ளே புகுந்து போவேன். அடுத்த சுற்றில் நான் முன்னால், அவள் பின்னால். இதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். பத்தடிக்கு முன்னாலேயே குரல் கொடுக்க வேண்டும். எப்போதோ ஒருத்தன் அவள் காதுக்குப் பின்னால் வந்து கத்தியதில் திடுக்கிட்டு விலகிக் கணுக்கால் மடங்கி மூன்று வாரம் நொண்டியிருக்கிறாள். "கிட்ட வந்து கத்தினா மனசு யோசிக்கறதுக்குள்ள காலு ஒதுங்கிடுதுக்கா," என்பாள். அதனால் பத்தடி. பத்தடி என்றால் ஓட்டத்தில் பத்துக் கால்வைப்பு. நான் எண்ணி வைத்துக்கொண்டு சொல்வேன். அந்த ஒழுங்கில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்றாவது வருடம் அவள் என்னைவிட வேகமாகிவிட்டாள். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதம் பிடித்தது. நாற்பத்தாறு வயதில் என் கால் சொல்வதைக் கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசித்தது, அவள் கால் யோசிக்கவில்லை. கடைசிச் சுற்றுகளில் என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை. முந்தின ராத்திரிதான் ஷிப்ட் முடிந்து, காலையில் நின்றபடி பஸ்ஸில் வந்து இப்படி ஓடுகிறாளே என்று வியந்தேன், அந்த வியப்போடு கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பயிற்சி முடிந்து அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். அவள் மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இந்தத் தடவை மகள் பார்க்க வருகிறாள் என்றாள். அம்மா ஓடுகிறாள் என்றால் மகள் நம்புவதில்லையாம், உங்க வயசுக்காரங்க நடப்பாங்க, ஓடுவாங்களா என்று கேட்கிறாளாம். சொல்லிவிட்டுக் கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் போட்டுக்கொண்டே, "ஒரு தபாவாச்சும் அவ முன்னாடி ஃபர்ஸ்ட்டு வரணும்க்கா," என்றாள். முதல் இரண்டு வருடமும் முதலில் வந்தது எதிரே உட்கார்ந்திருந்த நான்தான். அவள் அதைக் குத்திக்காட்டவில்லை, அப்படிப்பட்டவள் இல்லை. நானும், வருவே வருவே, என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

போட்டியன்று காலை என் காரில்தான் மூவரும் போனோம். நகரத்து ஸ்டேடியம், சிவப்பு செயற்கைத் தரை, மண் மைதானத்துக்காரர்களுக்கு அதில் கால் வைத்தாலே வேகம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். மகள் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, போனைக் கையிலேயே வைத்திருந்தாள். கடைசி நூறு மீட்டரின் நடுவே கம்பி ஓரமாக அவளை நிற்க வைத்துவிட்டு நாங்கள் வரிசைக்குப் போனோம்.

முதல் மூன்று சுற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி வளைவில் மூன்று பேர் தனியாகப் பிரிந்தோம். என் தோழி உள்கோட்டை ஒட்டி முதலில். அவள் வலது தோளுக்குப் பக்கத்தில் மைசூரிலிருந்து வந்த ஒரு விளையாட்டு டீச்சர். நான் என் தோழிக்கு நேர் பின்னால். இடப்பக்கம் கோடு, முன்னால் அவள் முதுகு, வலப்பக்கம் டீச்சர். இப்படி மாட்டிக்கொள்வதை ஓடுகிறவர்கள் பாக்ஸ் ஆகிவிட்டேன் என்பார்கள். நெரிசல் பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தும் கதவுக்குப் போக முடியாமல் நிற்போமே, அந்த மாதிரி.

அதிலிருந்து வெளியே வர நியாயமான வழி ஒன்றுதான். கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, டீச்சருக்கும் பின்னால் போய், மூன்றாவது லேனுக்கு வெளியேறி, மறுபடி வேகம் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் தோற்பேன் என்று எனக்குத் தெரிந்தது. எண்பது மீட்டர்தான் பாக்கி. அவள் முதுகுக்கும் என் மூக்குக்கும் ஓரடி இடைவெளி.

"ட்ராக்!"

யோசிக்காமல் வந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி வரவில்லை. அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது. அந்த மூச்சில், இவள் ஒதுங்குவாள், என்று நான் நினைத்தேன். ஒதுங்குவாளா என்றுகூட நினைக்கவில்லை, ஒதுங்குவாள் என்றே நினைத்தேன்.

ஒதுங்கினாள். தலையைத் திருப்பாமல் வலப்பக்கம் ஒரு கால் எடுத்து வைத்தாள். அவள் முழங்கை டீச்சர் கையில் இடித்தது, இருவரும் அரை அடி தடுமாறினார்கள். கோட்டோரம் ஓர் ஆள் புகும் அளவுக்கு வழி திறந்தது. நான் புகுந்தேன். முதலில் வந்தேன். டீச்சர் இரண்டாவது. ஜெயித்துக்கொண்டிருந்தவள் மூன்றாவது.

கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், வளைவின் முனையில் நின்ற நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்பதற்கான கொடி அது. கொடி எனக்கு இல்லை. அவளுக்கு. பக்கத்தில் ஓடியவரை இடித்ததற்கு.

தலைமை நடுவர் வந்து எங்கள் மூவரையும் நிற்க வைத்து விசாரித்தார். என் தோழி தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என்னுடையதுதான் சார், கால் தானாக வெளியே போய்விட்டது என்று அரைகுறைக் கன்னடத்தில் சொன்னாள். டீச்சர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே என் தோழியைப் பார்த்தார். முதலிடம் அவருக்கும் வந்திருக்கலாம், அந்த அரை அடியில்தான் போயிற்று. "ஹோகலி பிடி சார்," என்றார், போகட்டும் விடுங்கள் என்று. வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குப் புகார் இல்லை என்றும் சொன்னார். பிறகு நடுவர் என்னைக் கேட்டார், இவர் உங்களை மறித்தாரா என்று. இல்லை என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். ஒப்பந்தம் படிக்கிறவள் சொல்லக்கூடிய, ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லாத பதில். கொடி இறங்கியது.

மெடலைக் கழுத்தில் போட்டபோது மகள் எங்கள் மூவரையும் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் அதிகமாகச் சிரிப்பது டீச்சர்.

திரும்பும் வழியில் என் தோழி முன் சீட்டில், மகள் பின் சீட்டில். ஓசூர் ரோட்டில் வழக்கமான நெரிசல். மகள் தான் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். கம்பி ஓரத்துக் கைதட்டல், யாரோ விசில், அதற்கு நடுவில் வெட்டினாற்போல் ஒரு சத்தம். ட்ராக். இன்னொரு தடவை போட்டாள். மறுபடி அதே சத்தம். என் குரல் எனக்குத் தெரியாதா?

யாரும்மா அது நடுவுல கத்தறது, என்று மகள் கேட்டாள்.

"யாரோ கோச்சா இருக்கும்," என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "அங்க ஆயிரம் பேர் கத்துவாங்க."

அவளுக்குக் குரல் பிடிபடவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான் முதலில் வந்தது. வெட்கம் வீட்டுக்குப் போன பிறகுதான்.

வீட்டில் என் தொழிலையே எனக்கு எதிராகச் செய்து பார்த்தேன். ஓட்டப் பந்தய விதிகளைத் தேடிப் படித்தேன். தள்ளக் கூடாது, மறிக்கக் கூடாது, உள்கோட்டை மிதித்து ஓடக் கூடாது. கத்தக் கூடாது என்று எங்கும் இல்லை. விளையாட்டுக்கு ஒவ்வாத நடத்தை பற்றிப் பொதுவாக ஒரு வரி இருந்தது. பொதுவான வரியை எப்படி வளைப்பது என்பதுதான் என் பிழைப்பே. அரை மணி நேரத்தில் என்னை நானே விடுதலை செய்துவிட்டேன். என்னவென்றால், அன்று ராத்திரி மெடலை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

மைதானத்துச் சட்டம் வேறு, எங்கள் சட்டம் வேறு. அவள் பத்தடி என்று கேட்டது தன் காலைப் பற்றி ஒரு பலவீனத்தை எனக்குச் சொன்னதுதான். கிட்ட வந்து கத்தினால் யோசிக்காமல் ஒதுங்கிவிடுவேன் என்று அவளாகவே சொல்லியிருந்தாள். இடறாமல் இருக்கத் துணைக்குச் சொன்னதை நான் இடறவைக்க எடுத்துக்கொண்டேன். அந்த ஸ்டேடியத்தில் அத்தனை பேர் கத்தியும் அவள் ஒதுங்கவில்லை. என் குரலுக்குத்தான் ஒதுங்கினாள்.

அடுத்த வாரம் வழக்கம்போல மைதானத்துக்கு வந்தாள். வழக்கம்போல முன்னால் கிளம்பினாள். நான் துரத்திப் போய், பத்தடி வந்ததும் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டாவது லேனுக்கு விலகி, வெளிப்பக்கமாகச் சுற்றி அவளை முந்தினேன். மறுநாளும் அப்படியே. வளைவில் சுற்றிப் போவது எவ்வளவு கூடுதல் தூரம் என்று கால் வலிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் முறை வரும்போது பத்தடிக்கு முன்னால் தெளிவாக ட்ராக் என்றாள், நான் ஒதுங்கினேன். இப்படியே நாலு மாதம் ஓடினோம். அவளிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். இன்றைக்கு அவளுக்குக் களைப்பு, நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு அவளுக்கு ஷிப்ட். சாக்குக்கா பஞ்சம்?

கடைசியில் அவள்தான் கேட்டாள். ஒரு காலை, ஓட்டம் முடிந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, ஏன் இப்போதெல்லாம் குரல் கொடுக்காமல் சுற்றிப் போகிறீர்கள் என்றாள். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. சொல்லிவிட்டேன். கத்தியது நான்தான், பழக்கத்தில் இல்லை, தெரிந்துதான் என்று சொன்னேன். நடுவர் கேட்டபோது சும்மா இருந்ததையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அழுதது எனக்கே பிடிக்கவில்லை, தப்பு செய்தவள் அழுதால் மற்றவள் ஆறுதல் சொல்ல வேண்டி வருமே.

அவள் ஆறுதல் சொல்லவில்லை.

"தெரியும்க்கா," என்றாள். "கத்தினப்பவே தெரியும். பழக்கத்துல சொல்லியிருந்தா பத்தடியில சொல்லியிருப்பீங்க. நீங்க ஓரடியில சொன்னீங்க."

காரில் மகளிடம் கோச் என்று சொன்னாயே என்றேன்.

"பின்ன, உங்கள உங்க வண்டியிலயே வெச்சு, எம் பொண்ணு முன்னாடி என்னான்னு சொல்றது?" மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன். நாலு மாசம் ஆயிடுச்சு."

நாலு மாதம் அவள் என்னோடு ஓடியிருக்கிறாள், கடலை கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள், என் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றபோது வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அவ்வளவையும் தெரிந்துகொண்டே.

நான் என் வழக்கப்படி தீர்வு சொல்ல ஆரம்பித்தேன். போட்டி நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதுகிறேன், மெடலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், உனக்கே கொடுக்கச் சொல்கிறேன். அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நான் பார்த்த ஒரே கோபம் அதுதான்.

"மெடல வெச்சு நான் என்னா பண்றது? எம் பொண்ணு பாத்தது பாத்ததுதான். லெட்டர் எழுதறது உங்க இஷ்டம். எனக்காக ஏதாச்சும் செய்யணும்னா அடுத்த வருசம் ஓடுங்க. முழுசா ஓடுங்க. பாவம்னு விட்டுக்குடுத்தீங்கன்னு தெரிஞ்சா அத்தோட சரி."

கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். முடிவுகள் உறுதியாகிவிட்டன, மாற்ற இயலாது, தெரிவித்ததற்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மைசூர் டீச்சருக்கும் போன் செய்தேன். சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கன்னடத்தில் சொல்லி வைத்துவிட்டார்.

பயிற்சி தொடர்ந்தது, ஒரு மாற்றத்தோடு. ஒரு தடவை மறந்துபோய்ப் பத்தடிக்கு முன்னால் முறையாக ட்ராக் என்று சொன்னேன். அவள் ஒதுங்கவில்லை. நேராக ஓடினாள். வேறு யாராவது கத்தினால் ஒதுங்குவாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தினால்கூட ஒதுங்குவாள். என் குரலுக்கு மட்டும் இல்லை. முறைப்பாக இல்லை, பழிவாங்குவதாகவும் இல்லை. மனசு மன்னித்துவிட்டது, கால் மன்னிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் கேட்கவே இல்லை, சுற்றித்தான் போனேன். அந்த வருடம் முழுக்க இரண்டாவது லேனில் ஓடியே என் கால்களுக்கு எதிர்பாராத பலம் வந்தது என்பதும் உண்மை.

அந்தப் பலம்தான் பிறகு சிக்கலாயிற்று. போட்டி நெருங்க நெருங்க, ஜெயித்துவிடுவேனோ என்று பயம் வந்தது. ஓட்டக்காரிக்கு வரக்கூடாத பயம். மகள் மறுபடியும் வருகிறாள் என்று தெரிந்தபோது, கடைசியில் கொஞ்சம் மெதுவாகப் போனால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. கத்தியபோதும் இதே கேள்விதான், யாருக்குத் தெரியும். அவளிடமிருந்து ஒரு வெற்றியை எடுத்தவள் நான், இப்போது ஒன்றை நானே கொடுத்தால் அதுவும் என் கையிலிருந்து வந்ததாகத்தானே ஆகும்? அவளுக்கென்று அவள் ஓடிச் சம்பாதித்தது எப்போது? முழுசாக ஓடுவதென்று முடிவு செய்தேன்.

இந்தத் தடவை மைசூர் டீச்சர் வரவில்லை. கடைசி வளைவு முடியும்போது நாங்கள் இருவர்தான். அவள் உள்கோட்டில், நான் நேர் பின்னால், அதே ஓரடி. அதே எண்பது மீட்டர். அவள் தோள்கள் ஒரு கணம் இறுகியதைப் பார்த்தேன். குரல் வரும் என்று காத்திருந்தாள். இன்றுவரை எனக்கு அதைவிட வலித்த காட்சி இல்லை.

நான் வலப்பக்கம் வெளியே வந்தேன். இரண்டாவது லேன். கையை வீசி, வாயைப் பிளந்து, உடம்பில் இருந்ததையெல்லாம் போட்டேன். அவள் முழங்கைக்கு வந்தேன், தோளுக்கு வந்தேன். அவள் அகன்று வந்து என்னை மறித்திருக்கலாம், அரை அடி விலகியிருந்தால் போதும், என் வேகம் உடைந்திருக்கும். அவள் கோட்டை விட்டு நூலளவு அசையவில்லை. கடைசி பத்து மீட்டரில் அவள் தோள் என் தோளுக்கு முன்னால் போயிற்று. அரை அடி இருக்கும். அதை என்னால் திரும்பப் பிடிக்க முடியவில்லை, கோட்டை அவள்தான் முதலில் தாண்டினாள்.

தரையில் விழுந்து கிடந்தேன். அவள் என் மேல் குனிந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"முழுசா ஓடினீங்களா?"

"ஆமா," என்றேன். அதற்கு மேல் மூச்சு இல்லை.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னது உண்மை. என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சொன்னது என் குரல்.

மகள் கம்பியைத் தாண்டி ஓடி வந்து கட்டிப்பிடிக்கப் போனாள். அவள் ஒரு கையால் மகளைத் தடுத்து, மறு கையை நீட்டி, போனைக் கொடு என்றாள். கடைசி எண்பது மீட்டரைப் போட்டுப் பார்த்தாள். மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை குனிந்து எனக்கும் காட்டினாள். அவள் பார்த்தது தன்னை அல்ல, என்னை. பிதுங்கிய கண், கோணிய வாய், கழுத்தில் புடைத்த நரம்பு. பேய் பிடித்தவள்போல ஒருத்தி, தோற்றுக்கொண்டே ஓடுகிறாள்.

"ஓடித்தான் இருக்கீங்க," என்றாள்.

போனை மகளிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள், அதற்குப் பிறகுதான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் தரையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன ஆமா அவளுக்குப் போதவில்லை. போதாதுதான்.